நாலு விரல் தண்ணீர்

குருவிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவான மேக்கணக்கிலே நாற்பத்தோரு வீட்டுக்கும் கரண்ட் இருந்தது, ஒரு வீட்டிலும் ஸ்விட்ச் இல்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஊசியாற்றுத் தண்ணீரைக் குறுக்கே மறித்து, குழாயில் இறக்கி, கீழே தகரக் கொட்டகைக்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதிலிருந்து கம்பி இழுத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் பல்பு போட்டுக் கொடுத்த இஞ்சினியர் போகிறபோது சொல்லிவிட்டுப் போனது இதுதான்: பல்பு எரிகிற வரைக்கும்தான் சக்கரத்துக்குச் சுமை, சுமை இருக்கிற வரைக்கும்தான் அதற்குப் புத்தி, ஆளாளுக்கு அணைத்தீர்களென்றால் சக்கரம் தலைகால் தெரியாமல் ஓடிச் சிதறிப்போகும், ஆகவே ராப்பகலாக எரியட்டும், தண்ணீர் சும்மாதானே வருகிறது. சரிங்க ஐயா என்றது சனம். பகலிலும் எரிந்தது, மழையிலும் எரிந்தது, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவன் வீட்டிலும் எரிந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அது நல்ல வெளிச்சம். அதற்கு முன்னே குப்பி லாம்புதான். மண்ணெண்ணெய்ப் புகையில் பிள்ளைகளின் மூக்குக்குள்ளே கரி படிந்து கிடக்கும், மூன்றாம் லயத்து வள்ளிக்கண்ணுவின் முந்தானையில் தீப்பிடித்து அவள் ஒரு கை விரல்களை மடக்க முடியாமல் போனதும் குப்பி லாம்பாலேதான். பெரிய கரண்ட் இந்த மலைக்கு வரும் வரும் என்று நாலு தேர்தல் போய்விட்டது. சக்கரம் வந்த பிறகு பிள்ளைகள் படித்தார்கள், தையல் மெசின் ஓடியது, இருமல் குறைந்தது. அதற்குப் புகையில்லை, எண்ணெய் இல்லை, யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

அந்தச் சக்கரத்துக்குக் காவல் மருதையா. தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரில் மெசினுக்கு எண்ணெய் போட்டுப் பழகிய ஆள், நாற்பத்தெட்டு வயது, பேச்சு கம்மி. விடிந்ததும் அணைக்கட்டுக்குப் போய்க் கம்பிச் சல்லடையில் அடைந்த இலைதழையை வாரிப் போடுவான், தொட்டியில் படிந்த மணலை அள்ளுவான், கொட்டகைக்கு இறங்கிச் சக்கரத்தின் அச்சுக்குக் கிரீஸ் வைப்பான். ஊரெல்லாம் அவனைக் கரண்ட்டு அண்ணன் என்று கூப்பிட்டது. அந்தப் பேரில் அவனுக்கு ஒரு மயக்கம் இருந்தது, பின்னே இருக்காதா, அதுவரைக்கும் அவனை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

அணைக்கட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே, ஆறு வளைந்து இறங்குகிற இடத்தில், அவனுடைய அக்கா செவனம்மாவின் வீடு. அம்மா செத்தபோது மருதையாவுக்கு இரண்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. கொழுந்துக் கூடையில் அவனை உட்கார வைத்து முதுகில் சுமந்து மலைக்குக் கொண்டுபோய் வளர்த்தவள் அவள். புருசன் செத்து, தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி வேலையிலிருந்து நின்ற பிறகு, ஆற்றோரம் நாலு பாத்தியில் லீக்ஸ், கோவா என்று காய்கறி போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். குழாய் அவளுடைய பாத்தி ஓரமாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. சங்கத்துத் தலைவர் யோகநாதன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார்.

“குழா போகட்டும், எனக்கென்ன,” என்றாள் செவனம்மா. “ஆத்த முழுசா மறிச்சிராதீங்க. நாலு விரல் தண்ணி எப்பவும் இந்தப் பக்கமா வரணும். பாத்திக்கும் எனக்கும் அது போதும்.”

அணைக்கட்டின் ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு வெட்டு விட்டு மேசன் சிமெண்டு பூசினான். மற்ற தண்ணீர் குழாய்க்குள் போனாலும் அந்த வெட்டு வழியாக வருகிறது ஆற்றிலேயே இறங்கி, அக்கா வாசலைத் தாண்டி, கல்லுக்குக் கல் தாவிக் கீழே போய்ச் சேரும். அந்த நாற்பத்தொன்றில் சேராமல், பல்பு வேண்டாமென்று சொன்ன ஒரே வீடும் அவள் வீடுதான். “பொழுது சாஞ்சா படுக்கிறவளுக்குப் பல்பு எதுக்குடா?” என்றுவிட்டாள்.

மாசி மாதம், காமன் கூத்து. மேக்கணக்குக்காரனுக்குத் தீபாவளி தப்பினாலும் தப்பும், காமன் கூத்து தப்பக் கூடாது. அந்த வருஷம் கூத்துத் திடலைச் சுற்றி டியூப் லைட் கட்ட வேண்டுமென்று ஒரே பிடிவாதம். கோடைத் தண்ணீரோ குறைவு, டியூப்பு ஏற்றினால் வீட்டுப் பல்பெல்லாம் கங்காக மங்கியது. “அண்ணே, நீங்க நெனச்சா முடியும், மூணே நாள்,” என்றார்கள். நினைத்தான், அதுதான் கெட்டது. ஒரு பலகையைச் சாக்கில் சுற்றி, வெட்டில் சொருகி, களிமண்ணால் மெழுகினான். நாலு விரல் தண்ணீரும் குழாய்க்குள் திரும்பியது, திடல் பளீரென்றது, ரதி வேஷம் கட்டியவனுடைய கண்மை கரைவது கடைசி வரிசைக்கும் தெரிந்தது என்று கீழ்க்கணக்கு வரைக்கும் பேச்சு.

மூன்று நாள் முடிந்தது. டியூப்பைக் கழற்றினதும் சக்கரத்துக்குச் சுமை பற்றவில்லை, உறுமத் தொடங்கியது. பலகையை எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல், வீட்டுக்கு இரண்டு பல்பு கூடுதலாகக் கொடுத்தான்! சனம் கையெடுத்துக் கும்பிட்டது. அடுப்படிக்கு ஒன்று, கட்டிலுக்கடி வரைக்கும் தெரிகிற மாதிரி மூலைக்கு ஒன்று. நாளைக்கு எடுக்கலாம், நாளான்னைக்கு எடுக்கலாம் என்று மருதையா தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டில் இடமில்லாமல் போன இருட்டு எங்கேயாவது போக வேண்டுமல்லவா? கட்டிலுக்கடியில் இருந்ததும், பானை மறைவில் இருந்ததும், கூரை மூலையில் கொக்கிபோட்டுத் தொங்கியதும் மெல்ல மெல்லக் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, லயத்துச் சாக்கடைக் கானில் இறங்கி, ஒரு லயத்து இருட்டோடு இன்னொரு லயத்து இருட்டு சேர்ந்து, சரிவைப் பார்த்து ஊர்ந்து, தண்ணீர் வற்றிக் கிடந்த ஊசியாற்றுக்குள் விழுந்தது. முதலில் பார்த்தது மாட்டுக்குப் புல்லறுக்கப் போன ரஞ்சிதம், மருதையாவின் பெண்சாதி. புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஆத்துல இருட்டு ஓடுதுங்க. முழங்கா மட்டும் வருது. ஜில்லுன்னு இருக்கு.”

“மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?” என்று கேட்டான் மருதையா.

மறுநாள் ஊரே போய்ப் பார்த்தது. உச்சி வெயிலில், பாறைக்குப் பாறை வழிந்து, சத்தமில்லாமல் கறுப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது இருட்டு. கையை விட்டால் நனையவில்லை, கை மட்டும் தெரியவில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. ரொம்ப நாள் பூட்டியிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்த வாசனை. பூசாரி கற்பூரம் கொளுத்தப் பார்த்தார், எரியவில்லை; எரியாத கற்பூரத்தைச் சாமி ஏற்றுக்கொள்ளுமோ கொள்ளாதோ என்று இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் என்ன, பழகிவிட்டது. பல்பு வந்ததிலிருந்து ராத்திரி எது பகல் எது என்று தெரியாமல் வீறிட்டுக்கொண்டிருந்த கைப்பிள்ளைகளைத் தாய்மார் அங்கே கொண்டுபோனார்கள். கரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்போடு பிள்ளையை இருட்டுக்குள் இறக்கிப் பிடித்தால் இரண்டே நிமிஷத்தில் தூங்கிவிடும். கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விதைக் கிழங்கு வைத்தவனுக்கு ஒரே வாரத்தில் முளை விட்டது. அழ வேண்டியவர்கள் அங்கே போய் அழுதார்கள், ஏனென்றால் மூன்று பல்பு எரிகிற ஒற்றைக் காம்பரா அறையில் ஒரு மனுசி எப்படி அழுவாள்? சண்டை பிடித்த புருசன் பெண்சாதிகள் அங்கே போய்ச் சமாதானமானார்கள், ரொம்பவே சமாதானமாகி, அடுத்த தை மாதம் ஒரே லயத்தில் மூன்று தொட்டில் கட்ட வேண்டியதாகிவிட்டது. காலையில் பொம்பளைகளுக்கு, மதியத்துக்கு மேலே ஆம்பளைகளுக்கு என்று சங்கம் நேரம் பிரித்தது. மண்பானையில் மொண்டு, வாயை ஈரத்துணியால் இறுகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு பொழுதுக்குத் தாங்கும் என்று கண்டுபிடித்தார்கள். அலுமினியச் சட்டியில் மட்டும் நிற்காது. கீழ்க்கணக்கிலிருந்தும் பானையோடு ஆள் வந்தது. வெளிச்சமும் நம்மிடம், இருட்டும் நம்மிடம், இப்படி ஒரு தோட்டம் இந்த மலையிலே உண்டா என்று யோகநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

எல்லாருடைய இருட்டும் போய்த் தேங்கியது செவனம்மா வீட்டில்.

அந்த ஆற்று வளைவில் அவள் வீடுதான் பள்ளம், பல்பில்லாததும் அவள் வீடுதான். முதலில் வாசற்படி மூழ்கியது, பிறகு அடுப்பு, பிறகு சன்னல். பாத்தியில் லீக்ஸ் தண்ணீரும் வெயிலும் இல்லாமல் வெளுத்துப் படுத்துவிட்டது. கீழே கொட்டகையில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வருகிற தண்ணீரைக் கேனில் பிடித்து, இருநூறு படி தடவித் தடவி ஏறி, பாத்திக்கு ஊற்றினாள். வைகாசி மழையும் அந்த வருஷம் வருகிற மாதிரி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மருதையா ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு போவான். இருட்டின் ஓரத்தில் குந்தி, “அக்கா” என்பான். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து தட்டை வாங்கிக்கொள்ளும். அந்தக் கையில் கொழுந்தெடுத்த கறை இன்னும் போகவில்லை.

“மேல வந்து எங்களோட இரேன்க்கா.”

“வெளிச்சம் கண்ணுக்கு ஆகமாட்டேங்குது தம்பி. இங்க எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. நேத்து ஊசி விழுந்துச்சு, டக்குன்னு எடுத்தேன். இருட்டுக்குள்ளயே பாத்துப் பழகிருச்சு கண்ணு.” கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம். “தம்பி, அந்த நாலு விரல் தண்ணி?”

“மழையே இல்லையேக்கா. மழ பெஞ்சா வந்துரும்.”

“சரிடா. நீ இருக்கிறப்ப எனக்கென்ன.”

பாவி, அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டும் குந்தியிருந்தான். மலை ஏறி வருகிறபோது இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று வேகமாக நடப்பான், லயத்து முனையில் யாராவது “கரண்ட்டு அண்ணே, ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க” என்பார்கள், குடிப்பான், போய்விடுவான். ஒரே ஒரு தடவை சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்தான்.

“அந்த வெட்டத் தொறந்து விட்டுட்டா என்ன?” என்றான்.

“தொறந்தா இருட்டு அடிச்சிட்டுப் போயிருமே அண்ணே,” என்றாள் ஒருத்தி, மடியில் தூங்குகிற பிள்ளையைக் காட்டி. “இத எங்க கொண்டு போயித் தூங்க வைக்கிறது?” வள்ளிக்கண்ணு தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டு, “வெளிச்சம் கொறஞ்சா மறுபடியும் குப்பி லாம்பு வந்துராதா?” என்று கேட்டாள். திறக்க வேண்டாமென்கிறவர்களை யோகநாதன் கையைத் தூக்கச் சொன்னார், எல்லாக் கையும் எழுந்தது. கெட்ட சனமில்லை அது. ஒருத்தர் வீட்டில் சாவென்றால் நாற்பத்தோரு வீட்டிலும் அடுப்பை அணைக்கிற சனம். அங்கே நாலு விரல் தண்ணீருக்காக ஒரு மனுசி கேன் சுமக்கிறாள், அவள் என் அக்கா என்று மருதையா சொல்லியிருந்தால் பாதிக் கையாவது இறங்கியிருக்கும். அவன் சொல்லவில்லை. தூக்கிய கைகளில் அவனுடையதும் ஒன்று.

ஆடி பிறந்து முதல் ஞாயிறு. ரொட்டியோடு போனான், கை வந்து தட்டை வாங்கியது. ரஞ்சிதத்தின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டாள், பசு கன்று போட்டதா என்று கேட்டாள், காளையா கிடாரியா என்று கேட்டாள், கழுவிய தட்டு திரும்பி வந்தது. மருதையா எழுந்திருக்காமல் காத்திருந்தான். இப்போது கேட்பாள், இதோ கேட்பாள். வெயில் பாறையிலிருந்து பாறைக்கு மாறியது.

“இன்னும் ஏன்டா குந்திக்கிட்டு இருக்க? வீட்டுக்குப் போ, ரஞ்சிதம் தேடப் போறா,” என்றாள்.

தண்ணீரைக் கேட்கவேயில்லை. அய்யோ, அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கேட்டுக் கேட்டு இவன் தரமாட்டான் என்று தெரிந்துகொண்டு, தெரிந்துகொண்டதையும் காட்டாமல், கன்றுக்குட்டி காளையா கிடாரியா என்று விசாரிக்கிற அளவுக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தான். ஒத்தையடிப் பாதையில் விழுந்தடித்து ஏறினான், லயத்தைக் கடந்தான், கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, அணைக்கட்டில் இறங்கி, காய்ந்த களிமண்ணைக் காலால் உதைத்துப் பலகையைப் பிடித்து இழுத்தான்.

ஒரு கையிலேயே வந்துவிட்டது. ஐந்து மாதம் ஒரு ஊரையே கட்டிப் போட்ட பலகை, முறுக்கு டின் மூடி மாதிரி வந்துவிட்டது.

நாலு விரல் தண்ணீர் வெட்டுக்குள் நுழைந்து, எட்டிப் பார்த்து, இறங்கியது. இருட்டு அதற்கு வழிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கல்லிடுக்கிலிருந்து கிளம்பி, கீழே பெரிய ஆற்றைப் பார்க்கப் போனது. லயத்தில் பல்பெல்லாம் ஒரு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தன. மருதையா நிமிர்ந்து பார்த்தான். கங்காக மங்கும், குப்பி லாம்பு திரும்பி வரும் என்றுதானே அத்தனை பயம். டியூப்பு இழுத்த அளவுக்கு இந்தப் பல்புகள் இழுக்கவில்லை போலும், வெளிச்சம் ஒரு இழை மஞ்சளானது, வேறொன்றும் இல்லை, டீவியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கூட நிற்கவில்லை. இதற்காகவா என்று தலையில் அடித்துக்கொண்டான். கரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் போட்ட கூச்சலும், திடுக்கென்று முழித்துக்கொண்ட பிள்ளைகளின் அழுகையும் பின்னால் கேட்க, தண்ணீரோடு தண்ணீராக அவனும் கல்லுக்குக் கல் தாவி இறங்கினான்.

அவள் வீட்டுச் சன்னல் வெளியே வந்திருந்தது, அடுப்பு வந்திருந்தது, வாசற்படி வந்திருந்தது. ஐந்து மாத இருட்டுக்குள் பெருக்கி மெழுகி அத்தனை சுத்தமாக வைத்திருந்தாள் வீட்டை. வாசற்படியில் செவனம்மா உட்கார்ந்திருந்தாள், மெலிந்துபோயிருந்தாள், முகத்தில் வெயில் நேராக விழுந்தது, கண் கூசவில்லை. இருட்டில் பார்க்கப் பழகிய பார்வை இருட்டோடேயே போய்விட்டிருந்தது.

“யாரு?”

“நாந்தாங்க்கா.”

“தம்பியா? சத்தம் கேக்குதுடா. தண்ணி வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா.”

“மழ பெஞ்சதா?”

வானம் பளிச்சென்று கிடந்தது. இனியும் மழைமேல் பழியைப் போட அவனுக்கு வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

“இல்லக்கா. அணைக்கட்டுல ஒரு பலக அடச்சிக்கிட்டிருந்துச்சு. அத எடுத்தேன்.”

“பலகையா? பெரிய பலகையாடா?”

மருதையா தன்னுடைய கையைப் பார்த்தான். “ஆமாக்கா,” என்றான். “ரொம்பப் பெரிசு.”

செவனம்மா கையை நீட்டித் துழாவினாள், அவனுடைய தோள் அகப்பட்டது, அதைத் தடவிக் கொடுத்தாள்.

“ஒத்தையாவா கெடந்து மல்லுக்கட்டுன இத்தன நாளா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு பக்கம் புடிச்சிருப்பேன்லடா.”